மூன்றாவது உருப்படி

அரை லிட்டர் நந்தினிப் பால் பாக்கெட்டைவிட
இலேசு.
உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினால்
குழலின் மூக்கு மட்டும் வெளியே தெரியும்.
பிடி அவ்வளவு குட்டை,
சுண்டுவிரலுக்கு இடமே இல்லை.
அது தனியாக, காற்றில்.

செய்தது செக்கோஸ்லோவாகியா.
முதலில் பிஸ்டலை நிறுத்தினார்கள்,
பிறகு தேசத்தையும் நிறுத்திவிட்டார்கள்.
ஸ்லைடின் இடப்பக்கம் அந்தப் பெயர் இன்னும்
ஓர் எழுத்தும் பிசகாமல் இருக்கிறது.

காக்ஸ் டவுனில் நான் ஆடிட்டர்.
முதலாவதைக் கண்டது தணிக்கைக்குப் போன இடத்தில்:
பெள்ளியப்பாவின் ஆயுதக் கடை,
ஸ்டாக் பதிவேட்டில் பதினோரு வருடமாக
அதே வரி, அதே விலை,
கண்ணாடிக்குக் கீழே விற்காமல் கிடந்த பெல்ஜியக்காரி.
"ரைட் ஆஃப் பண்ணிடுங்க" என்றேன்.
அடுத்த வருடம் அந்தக் கணக்கை
என் பார்ட்னரிடம் தள்ளிவிட்டு
நானே வாங்கினேன்.

லைசென்ஸுக்கு இரண்டரை வருடம்.
எதற்கு என்ற கட்டத்தில்
தற்காப்பு என்று எழுதினேன். பொய்.
விசாரிக்க வந்த சப்-இன்ஸ்பெக்டர்
வீட்டில் மாமியார் உண்டா என்று கேட்டு
அவரே சிரித்துக்கொண்டார்.
ஒழுங்காகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
இனி ஒன்றுகூட வராது என்று தெரிந்த பொருளைத்தான்
என்னால் நிம்மதியாக எண்ண முடிகிறது.
இருப்பு உண்டு. வரவு இல்லை.
இப்படி ஒரு கணக்கை எந்தக் கம்பெனியும்
எனக்குத் தந்ததில்லை.

இரண்டாவது ஸ்பெயின். அதைப் பற்றிப் பேச வேண்டாம்,
மூல விலையை ஐசக்கிடம் இன்னும் சொல்லவில்லை.

மூன்றிலும் சேர்த்து
நான் ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை.
ஒருமுறை தோட்டா விலை கேட்டேன்.
பெள்ளியப்பா விலை சொல்லவில்லை,
கடைசியாகப் பெட்டி வந்த வருஷத்தைச் சொன்னார்.
ஞாயிறு மாலை மெல்லிய துணி, இரண்டு சொட்டு எண்ணெய்,
தையல் மிஷின் வாசனை அறை முழுக்க.
ஐசக் எதுவும் கேட்பதில்லை,
டிவி சத்தத்தை மட்டும் ஒரு புள்ளி கூட்டுவார்.

அப்புறம் சட்டம் திருத்தினார்கள்.
ஒரு ஆளுக்கு இரண்டு.
மூன்றாவதை ஒப்படைக்கக் கெடு.

எதை?
மூன்றையும் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்தேன்.
ஐசக் தட்டை நகர்த்திக்கொண்டு சொன்னார்:
"ஓடாததைக் கொடு."
எது ஓடும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பெள்ளியப்பாவும் வாங்க மாட்டேன் என்றார்.
"ஆள் இல்ல மேடம்.
தோட்டா இல்லாத துப்பாக்கிக்கு
லைசென்ஸ்ல ஒரு இடத்தை
எவன் வீணாக்குவான்?"
நான் கடையின் மறுபக்கம் பார்த்தேன்.
அங்கே ஒரு மருமகன்
மாமனாரின் இரட்டைக்குழலை
விற்கலாமா, வைக்கலாமா என்று
செல்போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

ஸ்டேஷனில் ரைட்டர் ராச்சப்பா.
மேஜையில் பாதி வாழைப்பழம், பக்கத்தில்
எந்த வழக்கிலோ பிடித்த ஏழு பிரஷர் குக்கர்.
பெட்டியைத் திறந்து வெகுநேரம் பார்த்தார்.
"வர்க் ஆகுத்தா மேடம்?"
"கொத்தில்ல" என்றேன்.
இத்தனை வருடத்தில் நான் எழுதிய
எல்லாத் தணிக்கைக் குறிப்பையும்விட
நேர்மையான ஒன்று.

எடுத்தார், எடை பார்ப்பதுபோல் இருமுறை ஆட்டினார்.
அவருடைய சுண்டுவிரலும் வெளியே நின்றது.
எந்த நாடு என்று ஒரு கட்டம்.
ஸ்லைடைக் கண்ணருகே கொண்டுபோய்
எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கி
பாதியில் விட்டார்.
'ஃபாரின்' என்று எழுதினார்.
பிஸ்டல், சிறியது, ஒன்று.
சணல் கயிற்றில் அட்டை கட்டி
குக்கர்களைத் தாண்டி உள்ளே கொண்டுபோனார்.
வெறும் பெட்டியைத் திருப்பித் தந்தார்:
இது கணக்கில் வராது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து
பச்சை வெல்வெட்டில் அது விட்டுப்போன பள்ளத்தில்
ரசீதை நாலாக மடித்து வைத்தேன்.
மூடி சேரவில்லை.
எட்டாக மடித்தேன்.
இன்னும் கொஞ்சம் தூக்கிக்கொண்டுதான் நிற்கிறது.