பதினெட்டாம் நாள், மூன்றாம் கொட்டகை

விடிய இன்னும் நேரமிருக்க
ரஃபிக்குல் போன் செய்தான்:
"காக்கா, ஆயாம் டுடுக் சாஜா."
கோழிகள் உட்கார்ந்தே இருக்கின்றனவாம்.

பீடோருக்கு மேற்கே
செம்பனையைச் சாய்த்துக் கட்டிய நீளக் கொட்டகை.
காற்றாடிகளுக்கு ஒரு குறையுமில்லை.
சிவப்புக் கிண்ணங்களில் தண்ணீர் சொட்டியது.
தீனித்தட்டு நிறைந்திருந்தது,
அதுவரை நடக்கத்தான் ஆளில்லை.
இருபத்திரண்டாயிரம் வெள்ளைக் குஞ்சுகள்
பஸ் வராத நிறுத்தத்தில் போல
காலை மடித்து, பொறுமையாக.

ஒன்றைத் தூக்கினேன்.
நெஞ்சில் கனம் ஏறியிருந்தது, வயதுக்கு மீறி.
அலகை விரலால் அழுத்தினேன்.
வளைந்தது,
கோப்பையில் காய்ந்த ஒட்டுப்பால் மாதிரி.

சோளத்தில் பாஸ்பரஸ் இல்லாமலில்லை.
சோயாவிலும் உண்டு.
பஜாக் கடையில் கிடக்கும் சங்கிலியும்
நம்முடையதுதானே,
கல்யாணத்துக்குப் போட்டுப்போக முடியாது,
அவ்வளவுதான்.
விதை தன் முளைக்கென்று
ஆறு கொக்கியில் மாட்டி வைத்த சொத்து அது.
கோழியின் குடலுக்குச் சீட்டைக் காட்டத் தெரியாது.
தின்றதை அப்படியே கழித்துவிடும்.
மழை வந்தால் எரு கரைந்து
லயத்துக்குப் பின்னால் ஓடும் ஆற்றுக்குப் போகும்.
ஆறு பச்சை பூத்துவிட்டதென்று
கோசலை அக்கா நகராண்மைக்குப் போய்க் கத்தியது
என் காதில் விழாமலா?

அதனால்தான் குறைத்தேன்.
டன்னுக்குப் பதினோரு கிலோ சுண்ணப் பாஸ்பேட்டை
நான்காக்கினேன்.
மிச்சத்தை மீட்டுத் தர ஃபைட்டேஸ்,
ஒரு டன்னுக்கு ஒரு கைப்பிடி,
பழுப்பு மாவு, புளித்த வாடை.
கணக்கு சரியாக இருந்தது.
ஆறு தேறும், தவுக்கேக்கும் காசு மிச்சம்.
கையெழுத்து என்னுடையது.

பண்ணைக்காரர்கள் சொன்னது வேறு:
உருண்டை உதிர்கிறது, பாதி தூசு.
செங்கோடன் நீராவியைக் கூட்டினான்.
எழுபத்தெட்டில் இருந்த முள்
தொண்ணூற்று மூன்றில் போய் நின்றது.
உருண்டை கல்லாக வந்தது.
எல்லாரும் பாராட்டினார்கள். நானும்.
உள்ளே, மீட்கப் போனவன்
வழியிலேயே வெந்துபோயிருந்தான்.
யாருக்கும் சத்தம் கேட்கவில்லை.

ஆறு குஞ்சுகளின் கெண்டைக்கால் எலும்பை
சுரண்டி, கொழுப்பெடுத்து, உலர்த்தி
அறுநூறு பாகை உலையில் வைத்தேன்.
ராத்திரி முழுக்க எரிந்தது.
காலையில் பீங்கான் கிண்ணத்தில்
வெள்ளைச் சாம்பல்.
பாதிக்கு மேல் மிஞ்சியிருக்க வேண்டும்.
மிஞ்சியது நூறுக்கு நாற்பத்தொன்று.
அப்பாவுக்கு எலும்பு பொறுக்கிய அன்றும்
இப்படித்தான் இடுக்கியைப் பிடித்தேன்.
அன்று யாரும் எடை போடச் சொல்லவில்லை.

நான்காயிரத்து இருநூறு கழிக்கப்பட்டன.
ரஃபிக்குல் எண்ணினான்.
மூவாயிரத்துக்கு மேல்
அவன் வங்காளத்திலேயே எண்ணினான்.

இழப்புப் படிவத்தில் 'காரணம்' என்றொரு கட்டம்.
ஆ கியோங் தவுக்கே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"வெப்பம் என்று போடு.
இந்த மாதம் எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள்."
போட்டேன்.
வெப்பம்.
பக்கத்தில், கட்டத்துக்கு வெளியே:
தொண்ணூற்று மூன்று பாகை, நம் ஆலையில்.
அவர் நெடுநேரம் படித்தார்.
பிறகு முத்திரையை ஊதி ஊதிக் குத்தினார்.

இப்போது நொதியைத் திரவமாக்கி
உருண்டை ஆறிய பிறகு தெளிக்கிறோம்.
செங்கோடன் முள்ளை யாரும் தொடாதபடி
கம்பி சுற்றிவிட்டான்.
ஆறு இன்னும் பச்சைதான்,
கொஞ்சம் வெளுத்த பச்சை,
அல்லது எனக்கு அப்படித் தெரிகிறது.

சாம்பல் கிண்ணம் மேசையில் இருக்கிறது.
தூக்கிப் போட மனமில்லை.
வைத்துக்கொள்ளக் காரணமுமில்லை.