நின்று போகிற மனுஷன்

பிரமிளா துணிக்கடை வாசலில்
உன் வீட்டுக்காரர் தினமும் நிற்கிறார் என்று
முதலில் சொன்னது மீன் விற்கும் ஆ மோய்.
பிறகு கோயில் கமிட்டியில் ஒருவர்.
பிறகு யாரும் சொல்லாமலே
நான் அஞ்சடித் தூணுக்குப் பின்னால்
முட்டைக்கோஸ் பையோடு நின்று பார்த்தேன்.

நின்றார்.
கண்ணாடிக்குள் தொங்கிய மயில்கழுத்துப் பச்சையை
நோட்டீஸ் படிப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார்.
முப்பத்தோரு வருஷத்தில்
நான் கட்டியிருப்பது என்ன நிறமென்று
ஒரு தரம் சரியாகச் சொல்லாதவர்.

அன்றிரவு சோறு போடவில்லை.
தட்டை வைத்தேன், அவ்வளவுதான்.
அவரும் கேட்கவில்லை.
மேசைக்கு அடியில் கெண்டைக்காலைப்
பிசைந்துகொண்டிருந்தார்.
கொழுப்பு, என்று நினைத்தேன்.

கட்டைவிரல் நுனி கறுத்த பிறகுதான்
கிளினிக்குக்கு வந்தார்.
ஸ்கூல் ஜாகா வேலை, பூட்ஸுக்குள் யார் பார்ப்பது.
டாக்டர் ஹஸ்லினா கணுக்காலில் விரல் வைத்து
சோபா இடுக்கில் விழுந்த சில்லறையைத் தேடுவதுபோல்
நெடுநேரம் தேடினார்.
துடிப்பு கிடைக்கவில்லை.
எவ்வளவு தூரம் நடந்தால் வலிக்கிறது?

அங்கமுத்துவுக்கு மீட்டர் கணக்கு வராது.
பேங்க்கிலிருந்து நாலு நம்பர் கடை வரைக்கும், என்றார்.
நின்றால் போய்விடும்.
அங்கேயிருந்து பிரமிளா கடை வரைக்கும்.
நின்றால் போய்விடும்.
நடுரோட்டில் சும்மா நிற்க வெட்கமாக இருக்கும்மா,
கண்ணாடிக் கடையென்றால்
பார்க்கிறாற்போல் நிற்கலாம்.

நான் கைப்பை ஜிப்பைத் திறந்தேன்.
மூடினேன்.
திறந்தேன்.

தொடையில் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது.
இனிப்புநீர், பதினைந்து வயதிலிருந்து சிகரெட், அப்புறம்,
டாக்டர் மலாயில் சொன்னதை
தமிழ் நர்ஸ் எனக்குத் திருப்பிச் சொன்னாள்:
கொழுப்பு, ஆன்ட்டி.

ஈப்போ பெரியாஸ்பத்திரியில்
மாதிரிக்கென்று ஒன்றைக் கையில் கொடுத்தார்கள்.
சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சு கட்டி வரும் வலை,
அதை எறும்புக்குத் தைத்தாற்போல்.
பலூன் வைத்து ஊதிப் பொருத்துகிற வகை உண்டாம்,
தொடைக்கு அது சரிவராதாம்.
உட்காருவோம், எழுவோம், மோட்டார் உதைப்போம்,
நசுங்கினால் அது நசுங்கினபடியே கிடக்கும்.
இது வேறு உலோகம்.
குழலுக்குள் ஒடுக்கி இடுப்புமடிப்பு வழியாக அனுப்பி
உறையைப் பின்னால் இழுத்தால் போதும்,
உடம்புச் சூட்டில்
தன் வடிவம் ஞாபகம் வந்து தானே விரியும்.
அமுக்கிப் பாருங்க, என்றாள் நர்ஸ்.
அமுக்கினேன். விட்டதும் எழுந்தது.
அவள் திரும்ப வாங்கும் வரை
அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

உள்ளே அவர் விழித்தேதான் இருந்தாராம்.
திரையில் தன் கால் ஆறு
அணை வரைக்கும் வந்து நின்றதையும்,
பிறகு கறுப்பாய் ஒரு கோடு
முட்டி தாண்டி இறங்கியதையும் பார்த்தாராம்.
ஊர் பேரு நத்தை ஆறு, எனக்கும் அதேதான் போல,
என்று ஜோக் வேறு.

வார்டில் லைட் அணைத்த பிறகு
போர்வைக்குள் கைவிட்டு இடது பாதத்தைத் தொட்டேன்.
சூடு.
எத்தனையோ ராத்திரி என் காலில் பட்டுத்
தள்ளிப் படுங்க என்று நான் உதறிய
மீன்கடை ஐஸ் இல்லை அது.
தள்ளிப் படுத்துத்தான் இருக்கிறார் பாவம்.

இப்போது காலையில் இரண்டு மாத்திரை,
சிகரெட் இல்லை (பாக்கெட்டைத் தடவிப் பார்ப்பது நிற்கவில்லை),
தினம் நடக்க வேண்டும், நானும் கூட.
பேங்க். நிற்கவில்லை.
நாலு நம்பர் கடை. நிற்கவில்லை,
நம்பரை மட்டும் ஓரக்கண்ணால்.
செம்பனைக் குலை லோரி ஒன்று புழுதியோடு தாண்டிப்போக
பிரமிளா கடை வாசலிலிருந்து கத்தினாள்:
என்ன அங்கிள், இப்பல்லாம் பாக்கறதே இல்ல!
என்னிடம் திரும்பினாள்.
பேரம் பேசாமலே பேசுகிறவர் ஆன்ட்டி உங்க வீட்டுக்காரர்,
அவர் நின்ன நிப்புக்கே
நாற்பது வெள்ளி குறைச்சுட்டேன்.

நான் நிமிர்வதற்குள்
அவர் பெட்ரோல் ஸ்டேஷன் தாண்டிவிட்டார்,
பக்கத்தில் நான் இருப்பதாக நினைத்து
எதையோ பேசிக்கொண்டே.
கூப்பிடவில்லை.
எனக்கும் முட்டி வலி.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மயில்கழுத்துப் பச்சை,
வெயில் பட்ட மடிப்பு மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது.
தொண்ணூற்றொன்பது வெள்ளி.