சீப்பு அருகில்

புதிதாய் வந்த தபால்காரப் பையன்
போனில் கேட்கிறான்:
"சீப்பு விக்கிற கடையாக்கா?"

இல்ல தம்பி.
கொளச்சல் ரோட்டிலிருந்து கீழே இறங்கு.
தண்ணி தெரியாது, ஆகாயத்தாமரைதான் தெரியும்.
எதிரும் புதிருமாய் ரெண்டு கருங்கல் சுவர்.
நடுவில்தான் வள்ளங்கள் கிடந்தன,
மேல்தண்ணியும் கீழ்தண்ணியும்
ஒரே மட்டத்துக்கு வரும்வரை.
உப்பு ஏற்றி வந்தவனும் காத்திருந்தானாம்,
உத்தரவு கொண்டு வந்தவனும்.

பலகை ஒன்பதில் மிச்சம் மூணு.
பல்லு போன சீப்பு. நீ சொன்னது ஒருவகையில் சரி.
இடுக்கு வழியே
கதம்பல் ஊறின கறுப்புத் தண்ணி
முடி விரித்ததுபோல் போகும்.

வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றாமல் நீட்டினான்.
'பிரிஜிதம்மாள், சீப்பு அருகில்.'
உள்ளே: கால்வாய்ப் புறம்போக்கு,
பதினைந்து நாளில் காலி செய்க.
கால்வாய் என்று அவர்கள் எழுதியிருப்பது
என் அடுக்களையை.

கையெழுத்துக்குப் பேனா ஓடவில்லை.
உதறினேன். மை கருங்கல்லில் தெறித்தது.
பையன் அதற்குள் சுவரில் ஏறி
எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"இதுல இனி போட்டு வருமாக்கா?"

மட்டம் ஒண்ணானா வரும்.