மொத்தம் பூஜ்யம்

மேலப்பாளையம் பீடிக் கடையில்
சனிக்கிழமைக் கூலிச் சீட்டு
நூற்றுப் பத்துப் பேருக்கும்
ஒரே தொகை அடித்துத் தந்தது.
பூஜ்யம்.

மூமினா லாத்தா சீட்டைத் திருப்பிப்
பின்பக்கமும் பார்த்தாள்.
"ஆறு நாளு சுத்திருக்கேன் தம்பி,
கழிவு போனாலும் நாலாயிரம் பீடி நிக்குமே?"

எழுதியவன் நான்தான்.
வண்ணார்பேட்டை அறையில்
கரண்ட் போய் வந்த ஒரு ராத்திரியில்.

மேலே ஒரு மொத்தம் வைத்திருந்தேன், பூஜ்யத்தில் தொடங்கி.
கீழே லூப்புக்குள்
கைப்பழக்கத்தில் மறுபடியும் எழுதிவிட்டேன்:
'லெட் மொத்தம்'.

எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு இசக்கி.
அடுக்களையில் நின்று "ஏளா இசக்கி" என்றால்
அந்த வீட்டு இசக்கிதான் திரும்புவாள்.
தெருமுனை இசக்கிக்கு அது கேட்கவே கேட்காது.

உள்ளே பிறந்த மொத்தம்
அன்றன்றைய கூலியை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு
அடைப்புக்குறி மூடியதும் செத்தது.
மறுநாளைக்கு இன்னொன்று பிறந்தது.
வெளியே இருந்தது
கடைசிவரை சல்லிக்காசு பார்க்கவில்லை.

தப்பு என்று மெஷின் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
சவம், அதன் கணக்கில் தப்பே இல்லை.

போன வருஷம் கூத்து வேறு.
'வார்' என்று கடைசி வரியில் அறிவித்த பெயரை
முதல் வரியிலேயே கேட்டுவிட்டேன்.
புது பஸ் ஸ்டாண்டில்
பாபநாசம் வண்டி நிற்கும் முன்னே
ஜன்னல் வழியாகத் துண்டு விழுமே, அதுபோல.
இடம் பிடித்தாயிற்று, ஆள் வரவில்லை.
துண்டிடம் போய் டிக்கெட் கேட்டால்
அது என்ன சொல்லும்?

'லெட்' கொஞ்சம் கண்டிப்பு.
துண்டு அதற்கும் உண்டு.
ஆள் ஏறும் முன் தொட்டால்
கண்டக்டர் விசில் அடித்து
வண்டியையே நிறுத்திவிடுவார்.

அந்த விசிலாவது ஊதியிருக்கலாம் இன்றைக்கு.

உள்ளே இருந்த 'லெட்'டை அழித்தேன்.
இங்கிலீஷில் மூன்றெழுத்து.
நூற்றுப் பத்துச் சீட்டும்
சூடாக வந்து விழுந்தன.

என்ன ஆச்சு என்று கேட்டவளிடம்
மொத்தத்தை ரெண்டு இடத்தில் எழுதிவிட்டேன் என்றேன்.
சீட்டை மடித்துத் தட்டில்
கத்தரிக்கு அடியில் சொருகினாள் லாத்தா.
"ரெண்டு தடவ எழுதுனா
ரெண்டு மடங்குல்லா தம்பி வரணும்?"