வசனத் திருத்தம்

எங்கள் குழுவில் யாரும் கேட்டு வாங்காத வேடம்
எனக்கு.
வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு சாக்லேட்,
பெயர் இல்லாத மாமா.
மீசை ஒட்டிக்கவா என்றேன்.
திம்மராயன் வேண்டாம் என்றான்,
மீசை இருந்தா பிள்ளைங்க தூரத்துலயே கண்டுபிடிச்சிரும்,
நிஜத்துல அப்படியா இருக்கு?

ராயக்கோட்டை தக்காளி மண்டி.
காலி கிரேட்டுகளை அடுக்கினால் வீடு,
கவிழ்த்தால் பள்ளிக்கூடம்.
அன்று கிலோ நாலு ரூபாய்.
விற்கவும் மனசில்லாமல்
ஏற்றிக்கொண்டு திரும்ப வண்டிக்கூலியும் இல்லாமல்
நின்றவர்கள்தான் முன்வரிசை.
மதிய மணி அடித்ததும் பள்ளிப் பிள்ளைகள்
தட்டைக் கழுவிய ஈரக்கையோடு வந்து நிறைந்தார்கள்.

பறை விழுந்தது.
ஒன்பதாவது படிக்கும் மகளுக்குத் தாயான நாகவேணி
சிவப்பு ரிப்பனோடு பத்து வயதாக ஓடிவந்தாள்.
நான் குனிந்து, சிரித்து,
வாடா செல்லம், மாமா சாக்லேட் தரேன் என்றேன்.
வேண்டாம்!
அவளோடு சேர்ந்து மண்டியே கத்தியது.
ஒன்று பூஜ்யம் ஒன்பது எட்டு,
வாய்ப்பாடு மாதிரி
ராகம் போட்டுச் சொன்னார்கள்.
ஒரு அம்மா அழுகல் தக்காளி எடுத்து
என் நெஞ்சில் சரியாக அடித்தாள்.
எங்களுக்கு அது விருது.
விலை ஏறியிருந்தால் கிடைத்திருக்காது.

குழாயடியில் சட்டையை அலசிக்கொண்டிருந்தேன்.
நாலு கை தள்ளி நின்றாள்.
அவள் பெயரை எழுத மாட்டேன்,
சட்டம் சொல்கிறது என்பதற்காக மட்டும் அல்ல.

"நீங்க பேசுனது தப்பு."
எது?
"சாக்லேட்டெல்லாம் தர மாட்டாங்க."
தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.
"கணக்கு நோட்ட எடுத்துட்டு வான்னு சொல்லுவாங்க.
டிவி சத்தமா இருக்கு, கதவச் சாத்துன்னு சொல்லுவாங்க.
கத்தவெல்லாம் வராது."

தர்மபுரியில் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள்.
தொடாதே. துருவிக் கேட்காதே.
யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதே.
குழாயை மூடினேன்.
நீ சொல்றத நம்புறேன் என்றேன்.
நாற்பத்திரண்டு ஊர் ஆடிய நாடகத்தில்
அப்படி ஒரு வசனமே இல்லை என்பது
அப்போதுதான் உறைத்தது.

நாகவேணி வந்தாள்.
ரிப்பனைக் கூட அவிழ்க்காமல்
கவிழ்த்த கிரேட்டில் உட்கார்ந்தாள், பக்கத்தில் ஒன்றைப் போட்டாள்.
நான் புளியமரத்துப் பக்கம் போய்
முதுகு காட்டி நின்றேன்.
அந்தச் சட்டை போட்டவன் கிட்டே நிற்கக் கூடாது.
முழங்கை வழியாகத் தண்ணீர் சொட்டியது.

அதற்குப் பிறகு நடந்ததில் பறை இல்லை.
ஒரு ஜீப், ஒரு பெண் அதிகாரி,
நல்ல குடும்பமாச்சே என்று தெரு,
கிருஷ்ணகிரி கோர்ட்டில் வாய்தா, இன்னொரு வாய்தா.
சித்தி வீட்டிலிருந்து இப்போது வேறு பள்ளிக்குப் போகிறாள்.

ஜீப்பில் ஏறும் முன் அவள் கேட்டது ஒன்றுதான்:
"மாத்துவீங்களா?"
வாக்குக் கொடுக்காதே என்ற பயிற்சியை
அங்கே மட்டும் மீறினேன்.

பாலக்கோட்டில் பாக்கெட் காலி.
கணக்கு நோட்ட எடுத்துட்டு வா, என்றேன்.
கதவச் சாத்து, டிவி சத்தம்.
யாரும் கத்தவில்லை.
திம்மராயனின் கை ஒரு அடி தவறியது.
தக்காளியும் வரவில்லை.
மூன்றாவது வரிசையில் ஒரு பெண்
பையனின் தோளில் கைவைத்துக் குனிந்து
அவன் முகத்தைப் பார்த்தாள்,
ரொம்ப நேரம்.
பிறகுதான் நாகவேணி, ஓடாமல்,
நின்ற இடத்திலேயே, மெல்ல,
அம்மா என்றாள்.

புது நோட்டீஸ் அச்சுக்குப் போயிருக்கிறது.
வசனம் என்ற இடத்துக்கு எதிரே
திம்மராயன் தன் பெயரை அடித்துவிட்டு
எதுவும் எழுதாமல் விட்டிருக்கிறான்.
அச்சகத்திலிருந்து போன்:
இந்த இடம் விட்டுப்போச்சா சார்?
இல்லை.
காலியாவே அடிங்க.