ஆறாவது திருகு

இராயபுரத்துச் சபையில் எலெக்ட்ரானிக் பேட் வாங்கிவிட்டார்கள்.
அதனால் இந்த டிரம் செட் எங்களுக்கு
பதினாலாயிரத்துக்கு வந்தது,
குட்டி யானையில், மழைக்கு நடுவே,
தார்ப்பாய்க்குள் தலைகீழாக.
சாவி வரவில்லை.
போன் போட்டுக் கேட்டால் கோயில்பிள்ளை
"பரலோகத்துலதாம்மா தேடணும்" என்றார்.

பெரம்பூர். பஞ்சர் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
சுவரெல்லாம் முட்டைத் தட்டு.
பேஸ் டிரம்முக்குள் கைவிட்டுத் துழாவினேன்:
பூப்போட்ட தலையணை ஒன்று,
பிரித்த காணிக்கைக் கவர் ஒன்று,
கரப்பான் முட்டைகள்.
தலையணையை மட்டும் திரும்ப உள்ளே வைத்தேன்.

பறையென்றால் வைக்கோல் கொளுத்திக் காட்டலாம்.
சூடு ஏற ஏற விண்ணென்று நிற்கும்.
இது பிளாஸ்டிக் தோல், தீயைக் காட்டினால் சுருண்டுவிடும்.
ஒவ்வொரு திருகாகக் கெஞ்சவேண்டியதுதான்.

பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில்
எள்ளளவு திருகுகளை முடுக்குகிறவள் நான்.
இந்தத் தடியன்கள் என் விரலுக்குப் பழக்கமில்லை.
கீழே இறங்கி அலீமிடம்
சதுரத் தலைக்கு ஸ்பேனர் இருக்கா என்றேன்.
கூடவே மேலே வந்தார், ஒரு முறை பார்த்தார்.
"கார் வீல் மாதிரிதானே? ஒண்ணு போட்டா
அதுக்கு எதிர்ல இருக்குறத போடு.
பக்கத்துல பக்கத்துல போட்டா கோணிக்கும்."
தேங்காயெண்ணெய் நாலு சொட்டு. அரைச் சுற்று.
குச்சியால் ஓரத்தில் ஒரு தட்டு. காது. கால் சுற்று.
மறுபடி தட்டு.

எட்டில் ஏழு சொன்னபடி கேட்டன.
ஆறாவதுக்கு மரை தேய்ந்திருந்தது.
பிளம்பர் சுற்றும் வெள்ளை டேப்பை
மூன்று சுற்றுச் சுற்றி ஏற்றினேன்.
பிடித்த மாதிரி இருந்தது.

ஃப்ளோர் டாமின் மூன்றாவது கால் குட்டை.
அறுந்த ஹவாய்ச் செருப்பை வெட்டி அண்டக் கொடுத்தேன்.
அதற்கு என்ன சுருதி வேண்டும் என்று
எனக்கே தெரியாமல் திருகிக்கொண்டிருந்தபோது
தமிழ்மாறன் நகர்த்திய தண்ணீர்க் குடம்
சுவரில் இடித்தது.
பாதி நிறைந்த நீலக் குடம்.
அதுதான், அதேதான்! இன்னொரு தரம் இடிடா என்றேன்.
நிறைகுடம் தளும்பாதாம். இருக்கட்டும்,
எனக்கு வேண்டியது அரைக்குடம்.

எதிர்வீட்டு டியூஷன் டீச்சர் மாடியேறி வந்துவிட்டார்.
"பாட்டு வாசிச்சாக்கூட பொறுத்துக்கலாம்மா.
ரெண்டு மணி நேரமா ஒரே டும்.
பசங்க வாய்ப்பாட்டை டும் டும்னு சொல்றானுங்க."

ஸ்நேரை அடக்க மட்டும் முடியவில்லை.
அடித்தோலில் ஓடும் கம்பிச்சுருள்
யாருக்கும் காத்திருக்காத ஜென்மம்.
ரயில் போனால் சளசளக்கும்.
மாறன் தடித்த கம்பியை மீட்டினால் சளசளக்கும்.
ஹெப்சிபா தும்மினால்கூட.

எட்டே காலுக்கு ஆரம்பித்தோம்.
மூன்றாவது பாட்டில், சரணத்துக்குப் போகும்போது
ஆறாவது திருகு மெல்ல இறங்கிவிட்டது.
டாம் தொண்டை கட்டினாற்போல் ஆனது.
ஹெப்சிபா சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள்,
தான்தான் சுருதி விட்டோம் என்ற பயத்தோடு.
இல்லை என்று தலையாட்ட
எனக்கு நேரமில்லை.

அப்போது கரண்ட் போனது.
கிடார் செத்தது. மைக் செத்தது. மின்விசிறி
இரண்டு சுற்றுக்குப் பிறகு நின்றது.
பழைய செட்டுக்கு பிளக் கிடையாது.
வலது கால் பெடலை விடவில்லை,
இடது கையில் குச்சி.
வலது கை இருட்டில் விளிம்போடு ஊர்ந்து
நாலு, ஐந்து என்று தடவிக்கொண்டே போனது.

எங்கோ தொலைவில் ரயில்.
அதற்குள் ஸ்நேர் பேச ஆரம்பித்துவிட்டது.