மூன்றாவது கலவை

ஆத்தங்குடியில் கல் போடுகிறவன் நான்.
கண்ணாடி மேல் சட்டம் வைத்து நிறம் ஊற்றி
உலர்மணல் தூவி, ஈரக்கலவை அமுக்கி
மறுநாள் தண்ணீரில் இறக்குவேன்.
வெயிலில் காயும்போது கண்ணாடி தானாகக் கழன்றுவிடும்,
அடியில் பூ இருக்கும்.
இருபத்திரண்டு வருசமாக
இந்தக் கை வேறு எதையும் கலக்கியதில்லை,
ஒரு காப்பிகூட.

மிஞ்சிய கல் பதினெட்டை
எங்கள் குளியலறையில் பதித்தேன்.
நடுவில் ஒரு தாமரை,
ஆர்டர் கொடுத்தவர் வேண்டாமென்று தள்ளிய நீலம்.
தேங்காயெண்ணெய் தொட்டுத் தொட்டுத் தேய்த்ததில்
முகம் தெரிந்தது.
வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம்
கூட்டிப்போய்க் காட்டினேன்,
குளியலறையை.

அந்தத் தாமரையில்தான் வழுக்கினாள் வள்ளிக்கண்ணு,
ஒரு ரூபாய் ஷாம்பு நுரையும்
என் பளபளப்பும் சேர்ந்த இடத்தில்.
வலது மணிக்கட்டு.
ஆறு வாரம் மாவுக்கட்டு.

காரைக்குடி ஆஸ்பத்திரியில்
எப்படி விழுந்தீங்க என்று நர்ஸ் கேட்டதற்கு
"நாந்தான் பாக்காம நடந்துட்டேன்" என்றாள்.
என் பக்கம் திரும்பவில்லை.

பத்தாம் நாள், தலை நாறுது என்றாள்.
பாக்கெட் வாங்கிவரவா?
"நுரையைப் பாத்தாலே கை வலிக்குது."

சந்தையில் அரைக்கிலோ சீயக்காய்.
பூந்திக்கொட்டையைத் தட்டி ஓட்டை எடுத்துக்கொண்டேன்;
கறுப்பு விதையைப் பையன் கோலிக்கு எடுத்துக்கொண்டான்.
வெந்தயம், பச்சைப்பயறு,
பள்ளிக்கூட வேலியில் கேட்காமல் பறித்த செம்பருத்தி இலை.
மூன்று நாள் மாடியில் காய்ந்தன.
ஒரு குரங்கு வந்தது,
ஒரு காயைக் கடித்தது,
என்னைப் பார்த்து ஏதோ திட்டிவிட்டுப் போனது.

மில்லில் சேவுகன் பையை வாங்கவே மாட்டேனென்றார்.
"இப்பத்தான்யா மொளகா அரைச்சேன்.
உம் பொண்டாட்டி கண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?"
இரண்டு படி தவிடு போட்டு
மிசினின் வாயைத் துடைத்த பிறகே கொட்டினார்.
கடைசியில் மில்லே தும்மியது,
மாவுக்கு நின்றவர்கள் வரிசையாக.

முதல் கலவை கல்லுக்குப் போல, ஒன்றுக்கு மூன்று.
தலையில் அப்பிக்கொண்டு இறங்க மாட்டேனென்றது.
"பூச்சு வேலையா பாக்குறே?"

இரண்டாவதில்
பூந்தி ஓட்டை வேகவைத்துப் பிழிந்து கூட்டினேன்.
வாளி நிறைய வெள்ளையாய் எழும்பியது நுரை.
அவள் இடது கை சுவரைத் தேடியது.
ஒன்றும் பேசாமல்
வாளியோடு கொண்டுபோய்க் கொட்டினேன்.

மூன்றாவது, வடித்த கஞ்சியில்.
விரல் பொறுக்கிற சூடு, மோர்ப்பதம்.
நுரை என்று சொல்ல ஒன்றுமில்லை,
ஓரத்தில் நாலைந்து கொப்புளம்.

தாமரை மேல் சாக்கு விரித்து
அதன் மேல் ஸ்டூல்.
மாவுக்கட்டுக்கு ஜவுளிக்கடைப் பை.
குனிந்துகொண்டாள்.

சிமெண்டு தின்ற விரல்வெடிப்பெல்லாம்
சீயக்காய் இறங்கி எரிந்தது.
எரியட்டும் என்றிருந்தது.
எண்ணெய்ப்பிசுக்கு விட்டு
முடி மெல்ல மெல்லக் கிறீச்சிட்டது,
சலவைக்குப் பின் கல் விரலுக்குச் சொல்வது போல.

காதுக்குப் பின்னால்
அரிசி நீளத்தில் ஒரு தழும்பு.
பத்தொன்பது வருசம்,
நான் பார்த்ததில்லை.
"இது எப்போ?"
"கல்யாணத்துக்கு முந்தி."
"என்ன ஆச்சு?"
"கண்ணுல ஊத்தாதே."

ஊற்றவில்லை.

சாயங்காலம் சாக்கைச் சுருட்டிவிட்டு
உப்புத்தாளோடு உட்கார்ந்தேன்.
மூன்று தாள் தேய்ந்தது.
நீலம் சாம்பல் பூத்தது,
என் முகம் போனது.

துவட்டாத தலையோடு வாசலில் வந்து நின்றாள்.
"பூ போயிருமே."
"போகாது. நெறம் உள்ள எறங்கியிருக்கு."

ம், என்றாள்.
நெற்றி முடியிலிருந்து ஒரு சொட்டு
கல்லில் விழுந்தது.
உருளவில்லை.
கொஞ்ச நேரம் ஈரமாகத் தெரிந்தது,
அப்புறம்
கல் குடித்துவிட்டது.